உயிர் இருந்ததென்று சொன்னேன்

நான் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. நர்சு வேலையில் பொய் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. "இன்னும் ஒரே ஒரு வலிதான், முக்கு" என்று ஒரே பிரசவத்தில் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அண்ணன் பெண்டாட்டியிடம் சொன்ன பொய் அந்த வகை இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில் பிரசவம் பார்க்க நான் ஒருத்திதான். மதினிக்கு அது தலைப்பிள்ளை, கல்யாணமாகி ஏழு வருசம் கழித்து உண்டானது. அண்ணன் கடலில் சங்கு குளிக்கப் போயிருந்தான். மத்தியானம் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டேன், துடிப்பு இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வலியில் துடிக்கிறவளிடம் எதைச் சொல்ல? ஒரு மணி நேரம் கழித்துப் பிறந்தான். கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. வாயில் வாய் வைத்து ஊதினேன், முதுகில் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி, சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியாரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் உயிர் இருக்க வேண்டும். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, மதிலுக்கு வெளியே உடைமரத்தடியில்தான் குழி. அதற்கு மோட்சமும் இல்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

"ஏளா, தண்ணி ஊத்து! சீக்கிரம் ஊத்து!" என்று மதினி கத்தினாள்.

செம்பை எடுத்து ஊற்றினேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று முழுதாகச் சொன்னேன்.

"ஊத்தும்போது உசிரு இருந்துச்சா?"

"இருந்துச்சு மதினி. லேசா மூச்சு இருந்துச்சு. ஊத்துன பொறவுதான் போனான்."

மறுநாள் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணில் அவனை அடக்கம் செய்தார்கள்.

அந்த வாரமே, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச்சாமியார் நல்ல மனுசர், அதையும் சொல்லிவிட வேண்டும். "உயிர் இருக்கோன்னு ஒரு சந்தேகமாவது இருந்ததாம்மா?" என்று கேட்டார். சந்தேகத்தில் ஊற்றினால் குற்றமில்லை; இருந்தது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவரே வழி காட்டுகிறார் என்றும் தெரிந்தது. ஆனால் அந்த இடத்தில் முட்டி போட்டுக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"இல்ல சாமி. ஒரு மணி நேரம் முன்னாலயே தெரியும்."

சாமியார் வலைத்தடுப்புக்கு இன்னும் கிட்டே குனிந்தார். "அந்தத் தாயிட்ட போயி உண்மையச் சொல்லிட்டு வா. பாவமன்னிப்புத் தாரேன்."

"சொல்ல மாட்டேன் சாமி. செஞ்சதுக்கு வருத்தமும் இல்ல."

"வருத்தம் இல்லாதவளுக்கு நான் எப்படிம்மா மன்னிப்புக் கொடுக்க முடியும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே சொல்லவும் முடியாது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

பாவமன்னிப்பு இல்லாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கூடாது. மூன்று வருசம் ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாரும் எழுந்து நன்மை வாங்கப் போவார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். பெரிய பாவம் செய்தவள் என்பதற்கு எங்கள் ஊரில் அதைவிட வேறு விளம்பரம் வேண்டாம். நரகம் எனக்குப் பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை, நிசமாகவே நம்பினேன். உப்பளத்து வழியாக நடந்து வரும்போது, "ஒரு மணி நேரம் அவன் உசிரப் பிடிச்சு வச்சிருந்தா உமக்கு என்ன குறைஞ்சிருக்கும்?" என்று கடவுளிடம் சண்டை போடுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு ஜெபமாலையை எடுப்பேன். இன்று போய்ச் சொல்லிவிடுவோம் என்று எத்தனையோ நாள் மதினி வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். மகன் கல்லறைக்கு மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். கூடவே போய்விட்டு வருவேன்.

மதினி அடுத்த பிள்ளையைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பெற்றாள். பெண் குழந்தை. தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"நீதான் இவளுக்கு ஞானத்தாயா நிக்கணும்."

பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்கிறவள் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கியாக வேண்டும்.

"வேற யாரையாவது வச்சுக்கோங்க மதினி."

அவள் முகம் மாறியது. "ஊர்ல பேசுதாவ. நான்தான் நம்பாம இருந்தேன். அன்னைக்கு உன் கையில ஏதோ தப்பு நடந்துருக்கு. அதான் என் பிள்ளை போயிட்டான். அதச் சொல்ல முடியாமத்தான் மூணு வருசமா கோயில்ல உக்காந்தே கெடக்க. சரிதானா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் பெயர் பிழைக்கும், சாமியார் மன்னிப்பும் கிடைக்கும். ஆனால் அந்த நிமிசமே அவள் மகன் மதிலுக்கு வெளியே போய்விடுவான்.

"ஆமா மதினி" என்றேன்.

மதினி அழவில்லை. குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உன்ன சாகுற வரைக்கும் மன்னிக்கக் கூடாதுன்னுதான் தோணுது" என்றாள் கடைசியில். "ஆனா நீ தண்ணி ஊத்துனதாலதான அவன் மோட்சத்துல இருக்கான். அந்த ஒண்ணுக்காக மன்னிச்சுட்டேன்."

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. செய்த தப்பை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, அவளே முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.