மச்சாளின் கல் பிகோனியா

குளிர்மேலங்கிக்குள் மார்போடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஈரப்பாசியில் ஒட்டிய சிறு செடி. மச்சாளை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

மச்சாள் என் கணவரின் அக்கா. புலம்பெயர்ந்து வந்த பனிநாட்டில், மல்வேர்ன் அடுக்குமாடி வீட்டில் எங்களோடு இருந்தார். தொழிற்சாலையில் நின்று நின்று முழங்கால் பழுதாகி, வேலையை விட்டு வீட்டில் இருந்த காலத்தில், ஒரு செடிச்சந்தையில் அதை வாங்கினார். வெள்ளிப் புள்ளி விழுந்த இலைகளோடு ஒரு காட்டுப் பிகோனியா. இலங்கை மலைக்காடுகளில், ஈரப் பாறைகளில் வளர்வது என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் யாழ்ப்பாணத்தில் போருக்குள் வளர்ந்து, கொழும்புக்கு வந்து விமானம் ஏறியவர்கள். மலைநாட்டைக் கண்டதே இல்லை.

"எங்கட நாட்டுச் செடியை ஒரு வெள்ளைக்காரன் எனக்குக் காட்டவேண்டிக் கிடக்குது," என்றார். அவருக்குக் கோபம்தான் வந்தது.

சாடியில் மண் நிரப்பி நட்டார், அழுகிப்போனது. மிஞ்சிய ஒற்றை இலையைப் பழைய மீன்தொட்டிக்குள், பாசி போர்த்திய கல்லின்மேல் படுக்கவைத்துக் கண்ணாடியால் மூடினார். வாரக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. எறியுங்கள் என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஒருநாள் காலை, இலை நரம்பின் ஓரத்தில் கடுகளவு பச்சை எழும்பியிருந்தது.

அந்த மாரியில் உறைமழை கொட்டி மின்சாரம் போனது. வீடு விறைத்தது. அடுத்த நகரான பிறம்ரனில் மின்சாரம் இருந்த உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டோம். லிஃப்ட் ஓடவில்லை; படிக்கட்டு பகலிலேயே இருண்டு கிடந்தது.

"அக்கா, உந்தச் செடியை வைச்சிட்டு வாங்கோ. நீங்கள் விழாமல் இறங்கினாக் காணும்," என்றார் என் கணவர்.

"பிடிக்க ஒரு கை இருக்குத்தானே."

மற்றக் கை மேலங்கிக்குள் டப்பாவைத் தாங்கியிருந்தது. மாடிக்கு மாடி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். செடி பிழைத்தது. பிறகு தொட்டி முழுக்கப் படர்ந்தது.

முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து நடக்கத் தொடங்கியதும், இலங்கைக்கு விமான ரிக்கற் போடச் சொன்னார்.

"நல்லூர்க் கோயிலுக்கோ அக்கா?"

"இல்லையடா. காட்டுக்கு."

சென்ற வாரம் மலைக்காட்டிலிருந்து வீடியோவில் அழைத்தார். தண்ணீர் கசியும் செங்குத்துக் கரும்பாறை. அதில் ஒட்டியிருந்தவை எங்கள் தொட்டிச் செடிகளைவிடச் சிறியவை, பூச்சி அரித்தவை. மச்சாள் அழுவார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச கொஞ்சம்தான். மேல பூத்துக் கிடக்குதாம்."

"கால் வீங்கப்போகுது மச்சாள். கண்டாச்சுத்தானே, திரும்புங்கோ."

"நீர் போனை வையும். நான் ஏறப்போறன்."