விறகு ஷெட் என்று பதிந்த வீடுகள்

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஏறும் ஒரு சாலையில் இரண்டு வருடமும் சில மாதங்களும் இருந்தேன். அதற்கு முன் எந்த ஊரிலும் அவ்வளவு காலம் நான் தங்கியதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பழனியில் லாட்ஜ் அறைகளைக் கூட்டினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், மூணாறில் ஹோட்டல் பாத்திரம் கழுவினேன், வத்தலக்குண்டு மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கினேன். ஒரு நாள் தோள்பட்டை பிசகிக்கொண்டது. அதன் பிறகு பாரம் ஏற்ற முடியவில்லை. தூக்காமல் செய்கிற வேலை ஏதாவது உண்டா என்று விசாரித்ததில், மேலே பங்களாவுக்குக் காவல் ஆள் தேடுகிறார்கள் என்றார்கள். பஸ் ஏறிவிட்டேன்.

ஊரிலேயே விலை கூடிய சாலை அது. பஜாரிலிருந்து நடந்தால் பத்து நிமிடம்தான், ஆனால் பஜார் சத்தம் அங்கே கேட்காது. அங்கே இடம் கேட்டுப் போனால் முதலில் விலை சொல்லமாட்டார்கள், "பார்ட்டி யாரு?" என்று கேட்பார்கள். கருங்கல் சுவர், சிவப்புச் சாயம் அடித்த தகரக் கூரை, புகைபோக்கி, பெரிய கண்ணாடி ஜன்னல்கள். கேட்டுகளில் வீட்டுப் பெயர்கள் இங்கிலீஷில் இருக்கும், பெரும்பாலும் பூவின் பெயர் அல்லது மரத்தின் பெயர். வெள்ளைக்காரப் பாதிரிமார் கோடைக்கு வந்து தங்குவதற்காகக் கட்டிய வீடுகள். அவர்களுக்குப் பின் மில்காரர்கள் வாங்கினார்கள், அப்புறம் டாக்டர்கள், இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். கட்டியவர்களும் குடியிருக்கக் கட்டவில்லை, வாங்கியவர்களும் குடியிருக்க வாங்கவில்லை. மே மாதம் முழுக்க எல்லா ஜன்னலிலும் வெளிச்சம் இருக்கும். ஜூனில் மழை பிடித்ததும் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். சொந்தக்காரர் என்று வருடம் முழுதும் இருந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா மட்டும்தான். மற்ற வாசல்களுக்குச் சாயங்காலத்தில் காட்டுமாடுதான் வரும், மெதுவாக வேலியோரத்துப் பூவைத் தின்றுவிட்டுப் போகும்.

ஆள் இல்லாத சாலை என்று அதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பங்களாவுக்கும் பின்னால் ஒரு அறை உண்டு. தகரம் போட்டு, தாழ்வாரம் இல்லாமல், சுவரில் எப்போதும் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும் அறை. காவல்காரர், தோட்டக்காரர், சமையல் செய்பவர் எல்லாரும் குடும்பத்தோடு அதில்தான் இருந்தார்கள். பங்களாவின் பிளானில் அந்த அறைக்கு விறகு ஷெட் என்று பெயர். தனிக் கதவு எண் கிடையாது, தனி மீட்டர் கிடையாது. பெரிய வீட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிட்டிருப்பார்கள். ஒருவருக்கு ரேஷன் கார்டு ஆடலூரில், இன்னொருவருக்கு ஓட்டு பாலசமுத்திரத்தில். நடமாடுவது இந்தச் சாலையில், பெயர் இருப்பது வேறெங்கோ. என் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு அது உறைத்ததும் இல்லை.

நான் சேர்ந்த அன்று மதுரையிலிருந்து ஓனரின் மேனேஜர் வந்து சாவிக்கொத்தைக் கொடுத்தார். "கேட்டுல யாரு வந்து கேட்டாலும் ஆள் இல்லைன்னு சொல்லு. பின்னாடி என்னன்னு கேட்டா விறகு ஷெட்டுன்னு சொல்லு. வேற எதும் பேசாத" என்றார். ஆள் குடியிருப்பது வெளியே தெரிந்தால் நாளைக்கு வரி, அதற்கு மறுநாள் கேஸ் என்பது அவர்களுடைய பயம். சாலையில் உள்ள எல்லோருக்கும் இதே பாடம்தான். இடம் பார்க்கும் புரோக்கர்கள், ரூம் கிடைக்குமா என்று காரை நிறுத்தும் டூரிஸ்டுகள் என்று நாளைக்கு நாலைந்து பேராவது கேட்பார்கள். நாங்களும் சொல்வோம். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுகிற அளவுக்கு அது நாக்கில் ஏறியிருந்தது.

பக்கத்துப் பங்களாவின் பின்னறையில் ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இருபத்திரண்டு வருடமாக இருந்தார்கள். அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். அக்காவின் அப்பா அம்மா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கப்பலேறி வந்தவர்கள். இங்கே வாட்டில் மரம் வெட்டுகிற கேம்ப்பில் அக்கா பிறந்தார். அதனாலோ என்னவோ, அந்தப் பின்னறையை அவர் லயம் என்றுதான் சொல்வார். தோட்டத்தில் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளுக்கு அந்தப் பெயர். "எங்க ஐயா லயத்துலதான் பொறந்தாரு, நானும் லயத்துலதான் சாவேன் போல. நடுவுல கடலு மட்டும் மாறிப்போச்சு" என்று சிரிக்காமல் சொல்வார்.

வாரத்துக்கு இரண்டு முறை பங்களாவின் உள்ளே கணப்பில் தீ மூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சோபாவும் புத்தகமும் பூசணம் பூத்துவிடும். சீகை விறகை அடுக்கி மூட்டிவிட்டு, அது எரிந்து அடங்கும்வரை மாமா அங்கேயே காத்திருப்பார். அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு இரைக்கும். சோபாவில் உட்கார அனுமதி இல்லாததால் தரையில் குத்தவைத்திருப்பார்.

"பெரிய வீட்டுக்குக் குளிருதாம் மாப்ளே. போத்தி விட்டுட்டு வந்தேன்" என்பார்.

"உங்களுக்குக் குளிரலையா மாமா?"

"எனக்கென்ன ஏலே, நான் விறகு ஷெட்டுல இருக்கிறவன். விறகுக்குக் குளிருமா?"

போன வருடம் அந்தப் பங்களாவின் பெரியவர் இறந்துபோனார். மகன்கள் மூன்று பேரும் மூன்று ஊரில். ரிசார்ட் கட்டுகிற ஒருவருக்கு விலை பேசிவிட்டார்கள். தை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று அக்காவுக்குப் போன் வந்தது. அதே சமயத்தில்தான் ஊர் ஓரத்தில் சொந்த வீடு இல்லாதவர்களுக்கு அடுக்குக் குடியிருப்பு கட்டுகிறார்கள் என்றும், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க வருவார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. ஊருக்குள் குடியிருப்பதாகப் பெயர் ஏறினால்தான் விண்ணப்பமே வாங்குவார்கள். அக்கா இதைக் கேட்ட நாளிலிருந்து வேறு எதையும் பேசவில்லை.

"எங்க ஐயா காலத்துல தோட்டத்துல பேர் பதிஞ்சாத்தான் ஆளு, தம்பி. பேர் பதியாதவனுக்கு லயம் கெடையாது, அரிசி கெடையாது. எனக்கு ஐம்பத்தி நாலு வயசாச்சு. ஒரு எடத்துலயும் நான் பேர் பதிஞ்சதில்ல. இதுல பதிஞ்சிரணும்."

ஒரு பிளாஸ்டிக் கவரில் அப்பாவின் சிலோன் காகிதங்கள், மாமாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ஆதார் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். ஆதாரில் விலாசம் இடிந்துபோன வாட்டில் கேம்ப். மூன்று வாரம் கேட்டுப் பக்கமே துணி உலர்த்தினார், கேட்டுப் பக்கமே கீரை ஆய்ந்தார். யாரும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாமாவுக்கு மூச்சு விட முடியவில்லை. வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார் அக்கா. போகும்போது என் அறைக் கதவைத் தட்டி, "கணக்கெடுக்க வந்தா, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கோம், நாளைக்கு வந்துருவோம்னு சொல்லு. மறந்துறாத" என்றார். மறக்கமாட்டேன் என்றேன். கணக்கெடுப்பு என்றால் இரண்டு பேர், கையில் பெரிய நோட்டு, கழுத்தில் அட்டை என்று என் மனதில் ஒரு படம் இருந்தது.

பதினொரு மணிவாக்கில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஓடையை அடைத்த சருகை வாரிக்கொண்டிருந்தேன். ஜெர்கின் போட்ட ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கையில் போன்.

"இந்த ரெண்டு பங்களாலயும் ஆள் இருக்காங்களா?"

"ஆள் இல்லைங்க."

"பின்னாடி தெரியுறது என்ன?"

"விறகு ஷெட்டுங்க."

அவர் போனில் ஏதோ தட்டினார், இரண்டு வீடுகளையும் ஒவ்வொரு போட்டோ எடுத்தார், போய்விட்டார். புரோக்கர்களும் போட்டோ எடுப்பார்கள். நான் சருகை வாரி முடித்து, சோறு பொங்கிச் சாப்பிட்டுப் படுத்தேன். அன்று எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

இருபது நாள் கழித்துத்தான், கீழ்த்தெருவில் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்று பால்காரர் சொன்னார். "உங்க ரோட்டுக்கும் வந்துட்டுப் போயிட்டாங்களே. செவப்பு ஸ்கூட்டர்ல ஒரு ஆளு." எனக்கு அந்த ஸ்கூட்டரின் நிறம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. விசாரித்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி, இரண்டு பேரையும் நகராட்சி ஆபீசுக்குக் கூட்டிப் போனேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பொறுமையாகத்தான் பார்த்தார். "அந்த டோர் நம்பர் பூட்டிக் கெடக்குன்னு இருக்கும்மா. பின்னாடி விறகு ஷெட்டுன்னு போட்டிருக்கு. பக்கத்து வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சதா குறிப்பு இருக்கு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அந்த வாட்ச்மேன் நான்தாங்க. தெரியாமச் சொல்லிட்டேன்" என்றேன்.

"சரி, அப்ப இவங்க அங்கதான் குடியிருக்காங்கன்னு நீங்க சாட்சி எழுதிக் குடுங்க. உங்க டோர் நம்பர் சொல்லுங்க."

சொன்னேன். தட்டிப் பார்த்தார். "அதுவும் பூட்டிக் கெடக்குண்ணே. ஊருக்குள்ள குடியிருக்கிறவங்கதான் சாட்சி சொல்லலாம். நீங்களே லிஸ்ட்ல இல்லையே."

மாமாவுக்கு இருமலோடு சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு விறகுக்கட்டை சேந்து வந்து நிக்குதுங்கம்மா. அடுப்புல வச்சிராதீக" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். ஓனரிடமிருந்து ஒரு லெட்டர் வாங்கி வந்தால் பத்து நாளைக்குள் திருத்தலாம் என்றார். அக்கா கவரிலிருந்த காகிதங்களின் நகலை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

டீச்சரம்மாவைச் சாட்சிக்குக் கேட்கலாமென்று போனோம். அவர் மகள் வீட்டுக்குப் போய் மாதமாகியிருந்தது. அவர் கேட்டிலும் காவல்காரர் ஆள் இல்லை என்றுதான் சொன்னார். இந்த முறை உண்மையாகவே இல்லை.

சென்னையில் இருக்கும் மூத்த மகனுக்கு அக்கா போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, நீங்க எங்க ஃபேமிலி மாதிரி. ஆனா லெட்டர் மட்டும் கேக்காதீங்க. உள்ள யாரும் குடியில்லன்னு சொல்லித்தான் பார்ட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். இப்ப இருக்காங்கன்னு ஒரு பேப்பர் போச்சுன்னா சேல் நின்னுடும். என் நெலமையையும் பாருங்க. போறப்ப ஹால்ல இருக்கிற சோபாவ எடுத்துக்கங்க, நல்ல தேக்கு."

"சரிங்க தம்பி. உங்களுக்குச் சோலி கெடக்கும், வைங்க" என்றார் அக்கா.

அதன்பிறகு நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் குழாயடியில் குடம் நிறையக் காத்திருந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லிருப்பேன். ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்குறேன். ஜெர்கின் போட்டுட்டு ஸ்கூட்டர்ல ஒருத்தன் வந்து கேட்டா, எனக்கும் அதான் வாயில வரும்." எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. கண்டுபிடித்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தை பிறக்கும் முன்பே கிளம்பினார்கள். ஒரு டெம்போவில் சாமான் பாதி இடத்தைக்கூட அடைக்கவில்லை. சோபாவை எடுக்கவில்லை. அதை வைக்கும் அளவுக்கு வத்தலக்குண்டில் பிடித்த அறை பெரிதில்லை என்றார் மாமா. அக்கா பின்னறையைக் கூட்டி, கழுவி, ஈரம் காயக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் ஜேசிபி வந்து முதலில் அந்த அறையைத்தான் இடித்தது, வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று.

நான் அங்கே பங்குனி வரை இருந்தேன். அந்த மாதம் ஒரு நாள் கீழே இறங்கி அவர்களைப் பார்த்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே ஜன்னல் உள்ள அறை. வெக்கை. மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். குளிர் போனால் இரைப்பு நின்றுவிடும் என்று நினைத்தோம், நிற்கவில்லை. அறையின் ஓனர் வாடகைச் சீட்டு கொடுத்திருக்கிறாரா என்று கேட்டேன். பதினோரு மாசம் போகட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம்.

அக்கா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "அந்தக் குடியிருப்பு லிஸ்டு ஒட்டிட்டாங்களா தம்பி? எதோ திருத்துவோம்னு அந்தப் புள்ள சொல்லுச்சே, நம்ம காகிதத்த ஒருவேளை பாத்திருக்குமோ?" என்று கேட்டார்.

"ஒட்டிருக்காங்களாம்க்கா. நான் இன்னும் பாக்கல" என்றேன்.

"வெரசா பாத்துட்டு ஒரு போன் போடு."

ஆபீஸ் வாசலில் அந்த லிஸ்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை மூன்று முறை நான் படித்திருந்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு டீ தம்ளரைக் கழுவி வைத்தேன். அன்று சாயங்காலம் மேலே போகும் பஸ்ஸில் ஏறாமல் தேனி பஸ்ஸில் ஏறினேன். போன் இதுவரை போடவில்லை.