தவக்காலத்தில் வந்த படம்

எங்கள் பெரியம்மா நடித்த படம் திரைக்கு வர இருபத்தைந்து வருஷத்துக்குக் கிட்டப் பிடித்தது. வந்ததுதான் வந்தது, தவக்காலத்தில் வந்து தொலைத்தது. வேறு எந்த மாதத்தில் வந்திருந்தாலும் எங்கள் வீட்டில் அத்தனை ரகளை நடந்திருக்காது.

தவக்காலம் பிறந்துவிட்டால் மாத்தளையில் எங்கள் வீடு ஒரு சின்ன மடம்தான். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் ஒரே வளவில் இருந்தாலும் அந்த நாற்பது நாளும் ஆட்சி பெரியம்மாவுடையது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்ததும், டிவியின் மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி மூடுவார். இறைச்சி கிடையாது, சினிமா கிடையாது, சத்தம் போட்டுச் சிரித்தால்கூட ஒரு பார்வை வரும். முந்தின வருஷம் அம்மா பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கறிவேப்பிலை கேட்கப் போகிற சாக்கில் டிவி நாடகம் பார்த்துவிட்டு வந்ததைப் பெரியம்மா கண்டுபிடித்துவிட்டார். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அம்மாவைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார். கோயிலில் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு முன்னால் நின்று செபம் சொல்வதும் அவர்தான். இப்பேர்ப்பட்டவர் ஒரு காலத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு சினிமாவில் பாடி ஆடியவர் என்று சொன்னால் கோயிலில் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதனால் யாரும் சொன்னதில்லை.

படத்தை எடுத்தவர் மாத்தளையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற ஒரு முதலாளி. யட்டவத்தப் பக்கம் பெரியம்மா பிறந்த தேயிலைத் தோட்டத்தில்தான் முக்கால்வாசிப் படத்தையும் எடுத்தார்கள். கதாநாயகிக்கு ஒரு தோழி தேவைப்பட்டபோது, தோட்டத்துக் கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெரியம்மா கண்ணில் பட்டிருக்கிறார். படம் முடிகிற நேரத்தில் முதலாளியின் மிளகெல்லாம் காலியாகிவிட்டது. பிறகு நாட்டில் கலவரம் வந்தது. படப்பெட்டிகள் கொழும்பில் எரிந்து சாம்பலாகிவிட்டன என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

படம் எடுத்த சூட்டோடு பெரியம்மாவுக்குக் கல்யாணமும் நடந்தது. பெரியப்பா டவுன் ஆள், லொறி ஓட்டுகிறவர், இந்த நாட்டுப் பிரஜாவுரிமை உள்ளவர். அவரைக் கட்டிக்கொண்டதால் பெரியம்மா இங்கே தங்கினார். பெரியம்மாவின் அம்மா, அப்பா, தங்கைகள், தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்களில் பாதிப் பேர், இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தப்படி ரயிலேறித் தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பலில் இந்தியா போய்ச் சேர்ந்தார்கள். இந்தச் சங்கதி எனக்கும் தெரியும். ஆனால் ஒன்பது வயதில் எனக்கு இந்தியாவுக்குப் போனவர்கள் என்றால், மரக்கறி ஏற்றத் தம்புள்ளைக்குப் போன பெரியப்பா மாதிரி. போனவர்கள் வருவார்கள்தானே?

முதலாளி செத்துப்போய், அவருடைய மகன் எங்கோ ஒரு பழைய அறையைத் துப்புரவாக்கும்போது படப்பெட்டிகள் கிடைத்திருக்கின்றன. அப்பாவின் ஆசையை நிறைவேற்ற வேண்டும் என்று மகனுக்கு ஒரு வைராக்கியம். சித்திரை வருஷத்துக்குப் பெரிய படங்கள் வருகிற வரைக்கும் டவுன் தியேட்டர் ஈயோட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வாரம் ஓட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வெள்ளி தொடங்கி வியாழன் வரை, அவ்வளவுதான்.

சித்தப்பா செல்போன் திருத்துகிற கடையிலிருந்து பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பெரியம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி! பஸ் ஸ்டாண்டு மதில்ல நீங்க இருக்கீங்க!"

"வாயைக் கழுவுடா. தவக்காலத்துல என்ன வெளாட்டு?"

"மெய்யாத்தாங்க. போஸ்டர் மூலையில சின்னதா, குடத்தோட. நாளைக்கிப் படம் போடுறான்."

பெரியம்மாவின் கை நின்றுவிட்டது. "எரிஞ்சு போச்சுன்னாங்களே," என்றார். துருவின தேங்காயை மறந்து அந்தச் சொதியைத் தேங்காய்ப்பால் விடாமலே இறக்கிவிட்டார். இராத்திரி அதைச் சாப்பிட்ட ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கானால் தலை கால் புரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் பெரியம்மா சினிமா ஸ்டார் என்று மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அறிவித்துவிட்டேன். ஆனால் வீட்டிலோ படத்துக்குப் போவதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஒரு வாரம் விட்டால் அந்தப் படம் மறுபடி வராது என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியம்மாவோ அன்றைக்கு மட்டும் தரையை நாலு முறை கூட்டினார்.

சித்தப்பாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். தவக்காலம் நாற்பது நாள் என்கிறோமே, அதில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராதாம். சேர்த்தால் கணக்கு இடிக்குமாம்.

"எனக்கு நீ ஞானோபதேசம் சொல்லித்தர வந்துட்டியாக்கும்," என்று பெரியம்மா சீறினார். ஆனால் அன்று சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்ததும் நேரே பாதரிடம் போய் நின்றார். நான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"பாதர், ஞாயித்துக்கெழமை நாப்பதுல சேராதுன்றாங்களே, அப்படிங்களா?"

"கணக்குல சேராதும்மா. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான் கேட்டேன் பாதர்."

பெரியம்மா வாழ்க்கையில் சும்மா எதையும் கேட்டவர் இல்லை. பாதருக்கும் அது தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு பூசை முடிந்தது. கோயிலுக்குக் கட்டின வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, கையில் செபமாலை. அந்தக் கோலத்திலேயே பெரியம்மா பத்தரைக் காட்சிக்கு வந்தார். அப்பா, அம்மா, சித்தப்பா, நான் எல்லோரும் பால்கனியில் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். பெரியப்பாவுக்கு அன்றைக்கும் லோடு இருந்தது. ஆனாலும் எங்களைத் தியேட்டர் வாசலில் இறக்கிவிட்டு, "நல்லா பாத்துட்டு வா," என்று பெரியம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதற்கு அவரிடம் மட்டும் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு ஐஸ்பழம் வாங்கித்தராமல் போனாரே என்ற கவலைதான்.

படம் ஓடத் தொடங்கியதும் எனக்கு ஐஸ்பழமும் மறந்துபோனது. ஐயோ, அந்த மானக்கேட்டை என்னவென்று சொல்வேன்! படம் கறுப்பு வெள்ளை. கீழே கலரியில் ஒருத்தன், "அண்ணே, கலர் பட்டனை அமத்துங்க!" என்று கத்தினான். கதாநாயகனின் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே பாவாடை மாதிரி விரிந்து தரையைக் கூட்டியது. லயத்தில் கொழுந்துக் கூடையோடு நிற்கிற பெண்கள் எல்லோரும் மேடைப் பேச்சாளர்கள் மாதிரி சுத்தத் தமிழில் பேசினார்கள். கதை இன்னும் மோசம். கொழும்புக்குப் போன கதாநாயகன், வருகிறேன் என்று தந்தி அடிக்கிறான். வில்லன் அந்தத் தந்தியை ஒளித்துவைத்துவிடுகிறான். கதாநாயகி ரயில் நிலையத்தில் நின்று அழுகிறாள், அழுகிறாள், அழுதுகொண்டே இருக்கிறாள்.

"மிஸ் கோல் ஒன்னு குடுடா மச்சான்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. தியேட்டரே கொல்லென்று சிரித்தது. பாவி, எங்கள் சித்தப்பாவும் சிரித்தார். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் முன்வரிசையிலிருந்து திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பெரியம்மா வந்தார். குடத்தோடு வந்து, "அவர் வருவார் ரஞ்சிதம், நிச்சயம் வருவார்," என்று கதாநாயகிக்குத் தைரியம் சொன்னார். எத்தனை அழகு! ஒல்லியாக, இரண்டு பின்னலோடு, எனக்கு அக்கா மாதிரி. நான் பெருமையோடு பக்கத்தில் திரும்பினேன். பெரியம்மா திரையைப் பார்க்காமல் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கல்யாணக் காட்சி வந்தது. லயத்து வாசலில் பந்தல், தரையில் வரிசையாகப் பந்தி. தோட்டத்து ஆட்களையே விருந்தாளிகளாக உட்கார வைத்து எடுத்தார்களாம். டைரக்டருக்குத் திருப்தி வராமல் திரும்பத் திரும்ப எடுத்ததில் ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டே எல்லோருக்கும் வயிறு வீங்கிப்போனதாம். இதைச் சித்தப்பா என் காதில் சொல்லிக்கொண்டிருக்கையில் நான் பெரியம்மாவைப் பார்த்தேன். முக்காடு நழுவிக் கிடந்தது. கையில் செபமாலை, உதடுகள் முணுமுணுவென்று அசைந்துகொண்டிருந்தன. கன்னம் நனைந்திருந்தது. தவக்காலத்தில் சினிமா பார்த்த பாவத்துக்கு அங்கேயே மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு பக்கம், இந்தக் கலரிப் பயல்கள் சிரிக்கிறார்களே, அதற்குத்தான் அழுகிறார் என்றும் தோன்றியது. ஆத்திரம் தாங்காமல் எழுந்து, "சிரிக்காதீங்கடா!" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். அம்மா என்னைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். திங்கட்கிழமை மத்தியானம் பெரியம்மா குடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போனார். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. சந்தைக்குப் போன அம்மாதான் அவர் தியேட்டருக்குள் நுழைவதைக் கண்டார். செவ்வாயும் போனார், புதனும் போனார். ஞாயிறாவது கணக்கில் சேராது, இந்த நாட்களுக்கு எந்த பாதர் வந்து என்ன சொல்ல முடியும்? கோயில் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, வெயில் அதிகம், மரக்கறி விலை அதிகம் என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டு, "அக்காவை டவுன் பக்கம் பாத்தோம்," என்று இழுத்தார்கள்.

"ஆமா, படத்துக்குப் போனேன்," என்றார் பெரியம்மா. "டீ குடிக்கிறீங்களா?"

என் அபிப்பிராயம் எனக்கு இருந்தது. பெரியம்மாவுக்குத் தன் அழகைத் தானே பார்த்து மயக்கம் பிடித்துவிட்டது. அதில் தப்பென்ன? நானாயிருந்தாலும் போவேன். வியாழக்கிழமை கடைசி நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். பெரியம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "சட்டையை மாத்திட்டு வா," என்றார்.

அன்று தியேட்டரில் ஆளே இல்லை. பின்னால் நாலைந்து பேர் வெயிலுக்கு ஒதுங்கித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா பால்கனிக்குப் போகாமல் கலரியில், திரைக்கு முன்னால் போய் அண்ணாந்து உட்கார்ந்தார். சிரிக்க யாரும் இல்லாததால் படம் போன தடவையைவிட நீளமாக இருந்தது. கதாநாயகி நிம்மதியாக அழுதாள். நான் பாட்டுக்காகக் காத்திருந்தேன். கல்யாணக் காட்சி முடிந்த உடனே பெரியம்மாவின் பாட்டு வரும், முழுப் பாட்டும் அவர்தான்.

பந்தி வந்தது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை முணுமுணுக்கவில்லை, வாய்விட்டே சொன்னார்.

"அது மேட்டு லயத்து சவரியம்மா. பக்கத்துல அவ புருசன். அங்க துண்டு கட்டியிருக்கவரு எங்க அப்பா, கறித்துண்டைப் பக்கத்து எலையில தள்ளுறாரு பாரு, அவருக்குப் பல்லு இல்ல. அந்த ரெண்டு குட்டிகளும் என் தங்கச்சிக. கேமராவப் பாக்காதீங்கடின்னு எத்தனை தரம் சொன்னாங்க, பாக்குறாளுக பாரு."

கேமராவையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு சின்னப் பெண்களை நானும் பார்த்தேன். பிறகு வாளியோடு ஓர் அம்மா குனிந்தபடி பந்தியில் நடந்து வந்தாள். முகம் ஒரு கணம் நிமிர்ந்தது.

"எங்கம்மா," என்றார் பெரியம்மா. "பாத்தியா? பாத்தியாடி? போதும் போதும்னாலும் வைப்பா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க எப்ப பெரியம்மா வருவீங்க?"

"நான் எதுக்குடி? என்னையப் பாக்கத்தான் வீட்டுல கண்ணாடி இருக்கே."

அந்த லயத்தில் யார் வீட்டிலும் போட்டோ என்று ஒன்று இருந்ததில்லையாம். கப்பலுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் முதன்முதலாக எல்லோரையும் படம் பிடித்தார்களாம். அதையும் அவர்களே கொண்டுபோய்விட்டார்கள். பெரியம்மாவின் அம்மா இறந்த சேதி இங்கே வந்து கிடைத்தது அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்து. இதையெல்லாம் எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் பெரியப்பா சொன்னார்.

அன்றைக்கு இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. பந்தி முடிந்து இலை எடுத்தார்கள். அந்த அம்மா வாளியோடு திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்தாள். பெரியம்மா இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டென்று எழுந்து குடையை எடுத்தார்.

"வா, போவோம்."

"ஐயோ பெரியம்மா, பாட்டு! இப்பத்தான் உங்க பாட்டு வருது!"

கேட்கவே இல்லை. என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் கதவைத் தாண்டும்போது பின்னால் பத்தொன்பது வயதுப் பெரியம்மா பாடத் தொடங்கிவிட்டார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, வெயிலில் அழுதபடியே வந்தேன். இத்தனை நாள் வந்தும் எது நல்ல கட்டம் என்று தெரியவில்லையே, இந்தப் பெரியம்மாவுக்குப் படம் பார்க்கவே தெரியாது என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே கோபம்.