முகம் இல்லாத படம் ஏற்கப்படாது

எங்கள் கம்பெனி முதலாளிக்கு ஒரு வியாதி உண்டு. எங்கேயாவது ஒரு வீடியோவில் புதுசாக எதையாவது பார்த்துவிட்டால் போதும். அது நம்ம வேலைக்குத் தேவையா என்று ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டார், கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டிவிடுவார். ஐடி பார்க்குக்குப் பக்கத்தில் ஆபீஸ் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார். பக்கம் என்றால் இரண்டு பஸ் மாறணும். கீழே பல் டாக்டர், மேலே நாங்கள் ஏழெட்டுப் பேர். பல் பிடுங்குகிற சத்தம் மீட்டிங்குக்கு நடுவில் கேட்கும். பல நாள் அதுதான் மீட்டிங்கைவிட உருப்படியான சத்தம்.

அந்தச் சமயம் எங்களுக்கு ஒரு அரசாங்க ஆபீசின் வேலை கிடைத்திருந்தது. பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளிகள் இருக்கிற லயங்கள், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டின லைன் வீடுகள், பல இடங்களில் இடிந்து கிடந்தன. கூரை போனவர்கள் தங்கள் வீட்டைப் படம் பிடித்து வெப்சைட்டில் ஏற்றணும். ஆபீசில் அதைப் பார்த்து, பழுதுபார்க்க உத்தரவு போடுவார்கள். இவ்வளவுதான் சங்கதி. படம் ஏற்ற ஒரு இடம், ஏற்றின படங்களை வரிசையாகக் காட்ட ஒரு கேலரி, கேலரியில் ஒவ்வொரு படத்துக்கும் பதிலாகத் தெரிகிற சின்னப் படம், தம்ப்நெயில் என்போமே, அது. எந்த மாதிரி ஃபைலை வாங்கணும், எவ்வளவு பெரிசு வரை வாங்கணும், சின்னப் படத்தை எப்படி வெட்டணும் என்று செட்டிங்ஸில் நாலு வரி எழுதினால் வேலை முடிந்தது. முதலாளி கையை வைத்தது அந்த நாலு வரியில்தான்.

படத்தில் மனுஷ முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டிக் காட்டுகிற வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போடச் சொன்னார். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற சைட் என்றால் சரி. நான் மலையாளத்தில் கேட்டேன், சேட்டா, இடிஞ்ச வீட்டைப் பார்க்கிறதுக்குத்தானே படம் கேட்கிறார்கள், மூஞ்சியை வெட்டிக் காட்டி என்ன பிரயோஜனம் என்று. மனுஷத்தன்மை வேண்டாமா, வெறும் செங்கல்லும் சிமெண்டும் பார்க்க யாருக்குப் பிடிக்கும் என்றார். அவர் மனுஷத்தன்மை பேசினதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். சம்பளத் தேதியில் அது எங்கே போகும் என்று தெரியவில்லை.

போதாததற்கு அந்த ஆபீஸ் அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். யாராவது இன்டர்நெட்டில் கிடக்கிற இடிஞ்ச கட்டிடத்தை எடுத்துப் போட்டு ஏமாற்றிவிடுவார்களாம். அதனால் விண்ணப்பிக்கிறவர் வீட்டுக்கு முன்னால் நிற்கணும், முகம் இல்லாத படத்தை சைட் வாங்கக் கூடாது. அதையும் எழுதினோம். செய்து காட்டின அன்றைக்கு, முகம் முகமாக வரிசையில் தெரிந்த கேலரியைப் பார்த்து அதிகாரி "கொள்ளாம்", அதாவது தேவலை, என்றார். அந்த ஆபீசில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. முதலாளிக்குத் தலை கால் புரியவில்லை. கீழே டாக்டர் வரைக்கும் லட்டு கொடுத்தார், பல் டாக்டருக்கு லட்டு.

அதிகாரி வேலை பார்க்கிற லட்சணத்தையும் சொல்ல வேண்டும். கேலரியைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போவார். ஒவ்வொரு சின்னப் படத்துக்குக் கீழேயும் இரண்டு பொத்தான், சேதம் உண்டு, சேதம் இல்லை. படத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் முழுப் படமும் பெரிசாக வரும். அந்த ஒரு தட்டுக்குத்தான் பஞ்சம். நல்லா சிரித்துக்கொண்டிருக்கிற மூஞ்சிகளைப் பார்த்து, இவர்களுக்கு என்ன குறை என்று நினைத்தாரோ என்னவோ, சேதம் இல்லை, சேதம் இல்லை என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறார்.

சைட்டில் உதவிக்கு என்று போட்டிருந்த நம்பர் எங்கள் ஆபீஸ் நம்பர். தமிழில் பேசினால் போன் என்னிடம் வந்துவிடும். அப்பா இந்த ஊர் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடைக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர், நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே, அதனால் எனக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் வரும். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கோடிங்கும் நான்தான், போனும் நான்தான்.

அப்படித்தான் அந்த அக்கா கூப்பிட்டார். மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர். வீட்டுக்காரர் கோவளத்தில் ஓட்டல் வேலையில் இருக்கிறார், இவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் லயத்தில். போன மழையில் காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தார்ப்பாயைக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழை வருவதற்குள் கூரை வரவில்லை என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை. படம் ஏற்றினோம், சேதம் எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்திருக்கிறது, என்னம்மா இது, கண்ணு தெரியாதவங்களா அங்க இருக்காங்க என்று கேட்டார்.

நான் திறந்து பார்த்தேன். சின்னப் படத்தில் மூன்று முகம். பவுடர் போட்டு, பூ வைத்து, பளிச்சென்று சிரிக்கிற மூன்று முகம். ஒரு தட்டுத் தட்டினேன். முழுப் படத்தில் அவர்கள் தலைக்கு மேலே ஆகாசம். கூரை இருந்த இடத்தில் வெறும் கட்டைகள், ஒரு மூலையில் நீலத் தார்ப்பாய், நிலைக்கு மேலிருந்து தரை வரைக்கும் சுவரில் வெடிப்பு. நம்ம சைட் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு சிரிப்பை மட்டும் பத்திரமாகக் காட்டியிருக்கிறது. வாயில் நல்லா வந்தது, பல் டாக்டருக்குக் கேட்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

முதலாளியிடம் காட்டினேன். அதிகாரி ஒத்துக்கொண்டதை நாம் மாற்றக் கூடாது என்றார். அதிகாரிக்குப் போன் போட்டு, ஸார், படத்தை ஒரு தடவை தட்டிப் பாருங்கள் என்றேன். அவருக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லையாம். ஆள் மறைக்காமல் வீட்டை மட்டும் எடுத்து மறுபடி அனுப்பச் சொல் என்றார். அவர் போட்ட நிபந்தனை அவருக்கே ஞாபகம் இல்லை. ஸார், முகம் இல்லாவிட்டால் சைட் வாங்காது என்று நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் மீட்டிங். அதற்குள் அவர் ஆபீசிலிருந்தே அந்த அக்காவுக்கு மெசேஜ் போய்விட்டது. இதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு.

அந்த அக்கா ஒரு நாள் வேலையை விட்டு, இருக்கிற ஒன்றிரண்டு பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, மலைக்குக் கீழே வித்துராவுக்கு இறங்கி வந்து, கம்ப்யூட்டர் கடையில் வரிசையில் நின்று படத்தை ஏற்றியிருக்கிறார். வெறும் வீடு, ஆள் இல்லை. முகம் இல்லாத படம் ஏற்கப்படாது என்று சிவப்பு எழுத்தில் வந்ததாம். கடைக்காரர் வாசித்துச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. நான் எங்கம்மா நிக்கணும், உள்ளயா வெளியயா, அதை மட்டும் சொல்லுங்க என்று கேட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே அந்தப் பூசாரியைச் செய்து நடையில் உட்கார வைத்ததே நாங்கள். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. யாரையும் கேட்கவில்லை. முகம் தேடுகிற வரியை எடுத்தேன். வெட்டாமல் முழுப் படத்தையும் சுருக்கிக் காட்டு என்று மாற்றினேன். பழைய சின்னப் படங்கள் எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக உண்டாக்கினேன். கேலரி மாறியது. வரிசை வரிசையாக இடிந்த சுவர், ஓட்டைக் கூரை, தார்ப்பாய், ஒவ்வொன்றுக்கும் முன்னால் கடுகு மாதிரி மனுஷர்கள்.

முதலாளி குதித்தார். கேட்காமல் கை வைத்ததற்கு அதிகாரியிடம் வந்து மன்னிப்புக் கேட்கணும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பி வைத்து அந்த அக்காவின் முதல் படத்தை நானே தட்டித் திறந்தேன். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் முறையாக ஒரு படத்தை முழுசாகப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"குட்டி, இது ஏமாத்து வேலை. கூரை போனவங்க யாராவது பூ வெச்சுச் சிரிச்சுட்டு நிப்பாங்களா? வேற யாரோட வீட்டு முன்னாடியோ நிக்கிறாங்க."

முதலாளி பக்கத்தில் தலையை ஆட்டினார். நான் பொறுமையாகச் சொல்லணும் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. "ஸார், போட்டோ எடுக்கணும்னா எங்க ஆளுங்க குளிச்சு, இருக்கிறதுல நல்ல துணியை உடுத்திட்டுத்தான் நிப்பாங்க. சிரிங்கன்னு எதிர்ல நிக்கிறவன் சொல்லுவான், சிரிப்பாங்க. வீடு இடிஞ்சா பல்லும் கொட்டிப் போயிருமா" என்றேன்.

 பிறகு அதிகாரி பெரிய மனசு பண்ணினார். சரி, போகட்டும், இன்னொரு படம் அனுப்பட்டும், ஆனால் இப்படி வேஷம் கட்டாமல் இயல்பாக நிற்கச் சொல் என்றார். இயல்பு என்றால் என்ன என்று அவரே கையை ஆட்டி விவரித்தார். தலை சீவ வேண்டாம், வேலைக்குப் போட்டுக்கொள்கிற துணி போதும், சிரிக்கக் கூடாது. அவருடைய இயல்பு அது. ஏழை என்றால் எப்படி இருக்கணும் என்று அவர் மனசில் ஒரு தம்ப்நெயில் இருந்தது, அதை மாற்ற என்னிடம் செட்டிங் இல்லை.

இதை அந்த அக்காவிடம் சொல்லுகிற வேலை என் தலையில். ஏன் என்று கேட்டார். நான் பூசி மெழுகப் பார்த்தேன், விடவில்லை. கடைசியில் ஏமாற்று வேலை என்று சொன்னதைச் சொல்லிவிட்டேன்.   சரிம்மா, மழை வருது என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது படம் வந்தது. அதே சுவர், அதே கட்டைகள், அதே தார்ப்பாய். அழுக்குத் துணியில் மூன்று பேர். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சாயங்காலமே சேதம் உண்டு என்று அதிகாரி அழுத்திவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கணும். அந்தப் படத்தை இரண்டாவது தடவை திறக்க எனக்கு மனசு வரவில்லை.

மழைக்கு முன்னால் தகரம் போட்டுவிட்டார்கள். அதற்குள் நான் மாற்றிப் போட்ட செட்டிங் சரிதான் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டாயிற்று, அது தன் யோசனை என்று முதலாளி இரண்டு இடத்தில் பேசியும்விட்டார். வேலை முடிந்த வீட்டின் படத்தையும் ஏற்றணும் என்று விதி. அந்த அக்காவின் படம் வந்தது. புதுத் தகரம், பூசின சுவர், சாத்தின கதவு. ஒரு ஆள் இல்லை.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மந்திரி வந்து திட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறார், சைட்டின் முதல் பக்கத்தில் போட ஒரு நல்ல படம் வேணும். அந்த ஸ்த்ரீக்கு நல்ல சிரிப்பு, நல்ல புடவை கட்டி, பூ வைத்து, பிள்ளைகளோடு புது வீட்டுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கச் சொல் என்றார். கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை அந்த மனுஷனுக்கு. சொல்லமாட்டேன் என்றேன். நீ கேட்கவில்லை என்றால் எஸ்டேட் சூப்பர்வைசரை விட்டுச் சொல்ல வைப்பேன் என்றார். அதற்குப் பதில் நானே கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன்.

அந்த அக்கா நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டார். மழை தகரத்தில் அடிக்கிற சத்தம் போனில் நன்றாகக் கேட்டது.

"சிரிச்சு நின்னப்போ கள்ளின்னாரு. மூஞ்சியத் தொங்கப் போட்டு நின்னப்போ கூரை குடுத்தாரு. அன்னைக்கு எம் பிள்ள வீட்டுக்குள்ள வந்து, நாம என்னம்மா தப்புப் பண்ணினோம்னு கேட்டா. கூரைக்குத்தானே போட்டோ கேட்டாங்க, கூரை இருக்கு, பாத்துக்கச் சொல்லுங்க. எங்க சிரிப்பு அவருக்குக் கெடையாது."

நான் அதிகாரியைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை விடாமல் மலையாளத்தில் சொன்னேன்.