வெறுங்காலோடு வந்த குயில் தேனீ

1998 ஜூன் மாதம், ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு மில்பிடாஸிலிருந்து கிளம்பினோம். ஹாலிஸ்டருக்கு ஐம்பது மைல். ஃப்ரீவே ஏறியதுமே, அபார்ட்மென்டைப் பூட்டினேனா என்ற சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. தேனீ ஆராய்ச்சி செய்யும் என் மனைவி சுமதிக்கோ வேறு கவலை. ஹாலிஸ்டரில் ஈரோட்டுக்காரர் பழனிச்சாமி அங்கிளின் தோட்டத்தில், மண்ணில் துளை போட்டு வாழும் குட்டித் தேனீக்களை இரண்டு வருடமாகக் கவனித்து வருகிறாள். அந்த இடத்தில் டிராக்டர் ஷெட்டுக்காக மறுநாள் கான்க்ரீட் கொட்டப்போகிறார்கள்.

வாசலிலேயே அங்கிள் சொல்லிவிட்டார். "ஏம்மா, குயில் தேனீ குயில் தேனீன்னு சொல்றியே, அதை இன்னைக்குக் கண்ணுல காட்டு. ஷெட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கறேன். இல்லீன்னா காலைல லாரி வந்துரும்."

குயில் தேனீ கூடு கட்டாது. அடுத்தவள் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நழுவிவிடும். எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் பின்னங்காலில் மகரந்தம் சுமக்கும் மயிர் கிடையாது. ஆனால் ஆண் தேனீக்கும் கிடையாது, அதுதான் தொல்லை.

"காலை மட்டும் பாக்காதே. வெறுங்காலோட எது உள்ள நுழையுதுன்னு பாரு" என்றாள் சுமதி.

மதியம்வரை வெயிலில் குப்புறப் படுத்துக் கிடந்தோம். ஒன்றும் தென்படவில்லை. சாப்பிட்டால் தெம்பு வரும் என்று புளியோதரை டப்பாவை எடுத்து, சற்றுத் தள்ளிப் புல் இல்லாத சமதளமாகப் பார்த்து ஜமக்காளத்தை விரித்தேன்.

"ஐயோ, என்னப்பா பண்ற! அங்கேயும் அதுங்க வீடுதான்!"

துளைகளை மூடிவிட்டிருந்தேன். மகரந்தத்தோடு திரும்பிய தேனீக்கள் வழி தெரியாமல் ஜமக்காளத்துக்கு மேல் சுற்றித் தவித்தன. பதறிப்போய் அதைச் சுருட்டப் போன என் கையைச் சுமதி பிடித்து நிறுத்தினாள். அத்தனையும் அலைந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் ஓரத்துப் புல்லில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. சிவந்த வயிறு, வெறுங்கால். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜமக்காளத்தை விலக்கினோம். தேனீக்கள் உள்ளே போய்ச் சுமையை இறக்கிவிட்டு மறுபடி பறந்தன. அது மெல்ல இறங்கி, ஒரு துளைக்குள் நுழைந்தது.

வெளியே வந்ததைச் சுமதி பிடித்துக் காட்ட, அங்கிள் லென்ஸில் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "இந்தத் திருட்டுக் கழுதைக்கா நான் ஷெட்டைத் தள்ளோணும்?"

"வீடு நிறைஞ்சிருந்தாத்தானே அங்கிள் திருட வருவா? காலி வீட்டுக்கு யார் வருவா?"

அவர் போய், ஷெட்டுக்கு அடித்திருந்த குச்சிகளைப் பிடுங்கி, தள்ளி நட்டார்.

இருட்டுவதற்குள் மில்பிடாஸ் வந்தோம். தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. நான் பூட்டவே இல்லை. உள்ளே மெத்தை, கம்ப்யூட்டர், நாலு பாத்திரம், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒருவர்கூட உள்ளே வரவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.