‘மற்றத் தாளைப் பார்க்க’

உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இயந்திரங்களுக்குப் பாவனைக் குறிப்பு எழுதுவது என் தொழில். ஒரு வேலைக்கு ஒரு தாள். வீண் சொல் கூடாது. மேலதிக விபரம் வேண்டுமென்றால் ‘இன்ன தாளைப் பார்க்க’ என்று எழுதிவிட வேண்டும். அந்தப் ‘பார்க்க’ படுத்துகிற பாடு, இதே தொழிலில் மாரடிக்கிற உங்களுக்குத் தெரியாததல்ல.

மடத்துவெளியில்

புங்குடுதீவு மடத்துவெளியில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் செல்வமலர் அக்கா. என் தாளை வைத்து அவர் வடிகட்டியைக் கழுவுவதைப் பார்க்கப் போயிருந்தேன். மூடியைக் கழற்றுமுன் ‘வால்வைப் பூட்டுதல் பார்க்க’ என்றிருந்தது. அதை எடுத்தார். அதில் ‘அமுக்கத்தைக் குறைத்தல் பார்க்க’. அதையும் எடுத்தார். ஈரக் கையில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. முதலில் எங்கே நின்றோம் என்று அவருக்கு மறந்துபோயிற்று. வாசலில் சனம் வாளிகளோடு நின்றது.

“பிள்ளை, நீர் என்னை ஊர் சுத்த விடுறீர். தண்ணி எப்ப வரும்?”

நெடுந்தீவில்

அன்ரன் அண்ணை கடற்றொழிலாளி. தொழிலுக்குப் போகாத நேரத்தில் அங்குள்ள இயந்திரத்தையும் கவனிப்பார். அமிலம் விட்டுக் குழாயைக் கழுவும்போது கையில் தெறித்துவிட்டது என்று தகவல் வந்தது. மனைவி உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவியதால் பெரிய காயமில்லை. படகேறிப் போய்ப் பார்த்தேன். முழங்கைவரை துணி சுற்றியிருந்தார்.

“கையுறை போடச் சொல்லிப் பாதுகாப்புத் தாளில இருக்குதே அண்ணை. அதைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தனே?”

அவருக்குக் கோபமே வரவில்லை.

“ஓம் பிள்ளை, கண்டனான். வேலை முடிய ஆறுதலாப் பாப்பம் எண்டு விட்டிட்டன்.”

கந்தோரில்

திரும்பி வந்ததும் முகாமையாளரிடம் போனேன். எச்சரிக்கையை அந்தந்த வேலைத் தாளிலேயே, அமிலத்தைத் தொடுமுன் போடவேண்டும், செய்முறைக்கு நடுவில் ஒரு ‘பார்க்க’வும் இருக்கக்கூடாது என்றேன். ஒரே வசனத்தைப் பல இடத்தில் எழுதுவது எங்கள் முறைக்கு விரோதம் என்றார். பிறகு திருத்தம் வந்தால் ஆர் ஒவ்வொன்றாகத் தேடுவது என்று கேட்டார். நான் தேடுகிறேன் என்றேன். அன்ரன் அண்ணையின் கையைப் பற்றியும் சொன்னேன். தாள்க்கட்டை என் பக்கம் தள்ளினார்.

“சரி, மாத்தும். ஆனா ஒண்டு விடுபட்டாலும் உம்மைத்தான் கேப்பன்.”

நயினாதீவில்

எல்லாத் தாளையும் திருத்தினேன். மற்றத் தாளுக்கான வழிகாட்டல் கடைசி வரியில் மட்டும், அதுவும் எப்போது தேவை என்ற காரணத்தோடு: ‘தண்ணீர் இன்னும் உப்பாக இருந்தால், சவ்வு மாற்றுதல் பார்க்க.’

திருவிழாச் சனம் வந்திருந்த நேரம் நயினாதீவு இயந்திரம் நின்றுவிட்டது. அங்கே புதிதாய்ச் சேர்ந்த விஜிதா தனியே நின்றாள். அவள் தொலைபேசியில் அழைக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாளைப் பார்த்து வடிகட்டியைக் கழுவினாளாம், இயந்திரம் ஓடுகிறதாம். கடைசி வரியில் சொன்ன மற்றத் தாளையும் பார்த்தீரோ என்று கேட்டேன்.

“இல்லை அக்கா. தண்ணி உப்பில்லை, பிறகு நான் ஏன் அதைப் பாக்கவேணும்?”

எழுதினதை ஒருவர் வாசிக்காமல் விட்டதற்குச் சந்தோசப்படுகிற தொழில் வேறேதும் உலகத்தில் இருந்தால் சொல்லுங்கள்.