பறக்காமலே எழுதும் மணிக்கணக்கு

இலஞ்சி சத்யபிரியா காற்றாலைப் பராமரிப்பு இன்ஜினியர். பாதுகாப்பு பெல்ட் மாட்டிக்கொண்டு ஆய்க்குடிப் பக்கத்துக் கோபுரங்களில் ஏறுவது அவளுடைய அன்றாட வேலை. செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் பருந்துகள் இறக்கை அசைக்காமல் மேலேறுவதை உச்சியில் நின்று பார்த்துப் பார்த்துத்தான், இன்ஜினே இல்லாத விமானமான கிளைடரை ஓட்டும் ஆசை அவளுக்கு வந்தது.

சீசன் காற்று ஓய்ந்த பிறகே நீண்ட விடுப்பு கிடைக்கும். அந்த நாட்களில் முழுமூச்சாகப் பயின்று பைலட் தகுதி வாங்க நினைத்தாள். விசாரித்ததில் இரண்டு இடங்கள் தேறின. வடக்கே இருந்த பழைய கிளப்பின் பயிற்சியாளர், வானம் ஒத்துழைத்தால் பறக்கலாம், விடுப்புக்குள் முடியும் என்று வாக்குத் தர முடியாது என்று போனில் வெட்டென்று சொல்லிவிட்டார். பக்கத்து மாவட்டத்துத் தனியார் அகாடமியோ, ஒரே மாதத்தில் தகுதி நிச்சயம் என்றது.

"பக்கத்துலயே இருக்கும்போது எதுக்குட்டி அம்புட்டு தூரம்? ஒரு எட்டு போய்ப் பாப்பமே" என்றான் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் கணவன் சுடலைமணி. போனார்கள்.

கேள்வி கேட்டது அவள். அகாடமி மேனேஜரின் பதிலெல்லாம் அவனுக்கு.

"ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்?"

"சார், மேடத்தை நாங்க நல்லா பாத்துக்குவோம்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பறக்கலாம்?"

"சார், லேடீஸுக்குத் தனி ஹாஸ்டல்."

சுடலைமணிக்கே பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, பறக்கப் போறது அவ. எனக்கு மாடி ஏறுனாலே தலை சுத்தும். அவகிட்ட சொல்லுங்க."

கிளைடரைப் பார்க்க வேண்டும் என்றாள். சர்வீஸில் இருக்கிறது என்றார் மேனேஜர். அந்த சர்வீஸையே பார்க்கிறேன் என்று எழுந்து நடந்தாள். கொட்டகையில் ஒரே ஒரு கிளைடர், இறக்கைகள் கழற்றப்பட்டு, புறா எச்சம் படிந்து கிடந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த உமா மகேஸ்வரி என்ற மாணவி தணிந்த குரலில் சொன்னாள்: "அக்கா, கோர்ஸ் முடியப் போகுது. நான் இன்னும் ஒரு தடவகூட மேல போகல."

பின்னாலேயே வந்த மேனேஜர் சிரித்தார். "டென்ஷன் ஆகாதீங்க மேடம். பறந்த மணிக்கணக்கை நாங்களே போட்டுக் குடுத்துருவோம். எல்லாரும் இப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க."

சத்யபிரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளோடு கோபுரம் ஏறிய தில்லைநாயகம், சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்தான பெல்ட் அறுந்து விழுந்து செத்தவர். அவரைத் தூக்கி வேனில் ஏற்றியவர்களில் அவளும் ஒருத்தி.

"பறக்காத மணியை எழுதிக் குடுப்பீங்க. அதை நம்பி இந்தப் புள்ள நாளைக்கு மேல போய் விழுந்தா, அப்பவும் இப்படித்தான் சிரிப்பீங்களா?" என்றாள்.

"பாசிட்டிவா யோசிங்க மேடம்."

"ஒரு கையெழுத்து ஆளைக் கொல்லும் சார். நான் பாத்துருக்கேன்."

அன்றே மாணவர்களைக் கூட்டி உட்கார்த்தி, விமானத் துறைக்குப் புகார் எழுதினாள். உமா மகேஸ்வரி முதலில் கையெழுத்திட்டாள். சிலர் சான்றிதழ் போய்விடுமே என்று நழுவினார்கள்.

விடுப்பு வந்ததும் வடக்கே போனாள். பாதி நாட்களைப் பனிமூட்டம் தின்றது. ஆனாலும் ஒரு நண்பகலில் தனியாகப் பறந்தாள். காற்றின் இரைச்சல் தவிர வேறு சத்தமில்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். மறுகணமே, இதைத்தானே உமா மகேஸ்வரியிடமிருந்து திருடினார்கள் என்று ஆத்திரம் மூண்டது. தகுதிக்கான மீதிப் பயிற்சியை அடுத்த ஆண்டு போய்த்தான் முடித்தாள்.

"அங்கன சேந்திருந்தா ஒரே மாசத்துல முடிஞ்சிருக்கும்லா?" என்றாள் அத்தை ஜோதிலட்சுமி.

"முடிஞ்சிருக்கும் அத்தை. என் கதையும் சேந்து முடிஞ்சிருக்கும்."

புகாருக்கு, பரிசீலனையில் உள்ளது என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. போன மாதம் உமா மகேஸ்வரி போன் செய்து, அகாடமியில் புதிதாக ஆள் சேர்ப்பதைச் சொன்னாள்.

"அந்தக் கிளைடரு?"

"அப்படியேதான் கெடக்கு அக்கா."

"அப்ப தபால்ல எழுதிப் புண்ணியமில்ல. டெல்லிக்கு நேர்ல போவோம். ஆபீசர் பாக்குற வரைக்கும் வாசல்ல உக்காருவோம். வாரியா?"

"வாரேன்க்கா."

சத்யபிரியா அப்போதே இரண்டு பேருக்கும் ரயிலில் இடம் பிடித்தாள்.